வரைபடம் போட்டீங்க, சரி. அதுல என் கொல்லை எங்கே?

எங்க ஊர்ல ஒரு குழந்தையோட வயிறு நிறைய எத்தனை பேர் பொறுப்புன்னு விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பால்வாடி டீச்சர், ஆயா. பள்ளிக்கூடத்துல சத்துணவு அமைப்பாளர், சமையலர். காலை உணவு சமைக்கிற மகளிர் குழுப் பெண்கள். தடுப்பூசி போட வரும் நர்சம்மா. ரேஷன் கடை சேல்ஸ்மேன். ஊராட்சித் தலைவர், கிளார்க். தோட்டக்கலைத் துறையிலிருந்து எப்பவாவது விதைப் பாக்கெட்டோட வந்துபோகும் உதவி அலுவலர். ரெண்டு கையும் பத்தல. அந்தக் கடைசி ஆளைத் தவிர மத்த எல்லாருமே அரைக் கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ள வேலை பார்க்கிறவங்க. ஆனா ஒருத்தர் நோட்டை இன்னொருத்தர் பிரிச்சுப் பார்த்ததே இல்லை.

என்னை எண்ண வைத்தது ஒரு வரைபடம். சென்னையிலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்துப் பிள்ளைகள் மூணு பேர் வந்து, பத்து நாள் ஊரில் சுற்றி, எல்லாரையும் பேட்டி எடுத்து ஒரு படம் போட்டார்கள். தலைப்பு நீளமானது: சமூக ஊட்டச்சத்துத் திட்டமிடலுக்கான உள்ளூர் அமைப்புகளின் கூட்டாண்மை வரைபடம். நல்ல பிள்ளைகள், குறை சொல்ல ஒன்றுமில்லை. வெயிலில் அலைந்தார்கள், எங்க வீட்டில் கேழ்வரகுக் கூழ் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். ஒரு மாதம் கழித்துப் படம் என் வாட்ஸ்அப்புக்கு வந்தது. கலர் கலராய்ப் பதினாலு வட்டம், நடுவில் அம்புக்குறிகள். பால்வாடி ஒரு வட்டம், சுகாதார நிலையம் ஒரு வட்டம், சுய உதவிக்குழு ஒரு வட்டம், ரேஷன் கடை, பள்ளிக்கூடம், ஊராட்சி, அப்புறம் அவங்க நிறுவனமே ஒரு வட்டம்.

போன் பண்ணிக் கேட்டேன். "தம்பி, விவசாயி எங்கப்பா?"

"அண்ணா, நீங்க 'கம்யூனிட்டி'ங்கிற வட்டத்துக்குள்ள வர்றீங்க."

அந்த வட்டத்தையும் தேடிப் பார்த்தேன். கீழே ஓரமா இருந்தது. எல்லா அம்புகளும் அதை நோக்கித்தான் வருது, அதிலிருந்து ஒரு அம்பு கூடக் கிளம்பல. அதாவது நாங்க வாங்கித் தின்கிறவங்க, அவ்வளவுதான். சோறு போடுற இடத்துக்குப் பதினாலு வட்டம் போட்ட படத்தில், சோறு விளையுற இடத்துக்கு ஒரு புள்ளி வைக்க இடமில்லை.

இந்தக் கட்டுரை அந்தப் பிள்ளைகளைத் திட்ட எழுதியது கிடையாது. அவங்க அப்படி வரைய ஒரு காரணம் இருக்கு. உண்மையிலேயே எங்க ஊரில் ஊட்டச்சத்து அப்படித்தான் நடக்குது. எல்லாம் மேலேயிருந்து தனித்தனிக் குழாயில் கீழே வருது. அவங்க கண்ணால் பார்த்ததை வரைஞ்சாங்க. என் சண்டை, அந்தப் படத்தைப் பார்த்து "ஆஹா, எவ்வளவு ஒருங்கிணைப்பு" என்று கை தட்டி, அதுக்கு நிதி கொடுக்கிற நகரத்து ஆட்களோடும், அதே படத்தைத் திட்டம் என்று நம்புகிற அதிகாரிகளோடும்தான். இதைப் படிக்கிற உங்களில் சிலர் அந்த நிதியைக் கொடுக்கும் கம்பெனிகளில் வேலை பார்க்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். அதனால கொஞ்சம் காரமாவே எழுதுறேன், கோவிச்சுக்காதீங்க.

முதல்ல ஒரு கணக்கு. நம்ம தமிழ்நாடு சோறு போடுறதுல நாட்டுக்கே முன்னோடி. காமராஜர் காலத்து மதிய உணவு 1956. எம்.ஜி.ஆர். சத்துணவு 1982 ஜூலை 1. ரேஷனில் இலவச அரிசி 2011 ஜூனிலிருந்து. பள்ளிக்கூடத்தில் வாரம் 5 முட்டை. 2022 செப்டம்பரில் காலை உணவும் வந்தாச்சு. இவ்வளவுக்குப் பிறகும் ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வு, அதாவது 2019-21-ல் எடுத்தது, என்ன சொல்லுதுன்னா, ஐந்து வயசுக்குட்பட்ட நம்ம மாநிலக் குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயசுக்கேத்த உயரம் இல்லை. ஆறு மாசத்திலிருந்து ஐந்து வயசு வரை ரத்தசோகை உள்ள குழந்தைகள் நூற்றுக்கு 57. இதுக்கு முந்தைய ஆய்வில் அது 51-ஐ ஒட்டி இருந்தது. கூடியிருக்கு, குறையல. 15 முதல் 49 வயசுப் பெண்களில் பாதிக்கு மேல், 53 பேருக்கு ரத்தசோகை.

அரிசி இல்லாம இந்த நிலைமை வரல. அரிசி வீட்டுல மூட்டையா இருக்கு. தட்டுல அரிசியைத் தவிர மத்தது என்ன இருக்கு, எந்த வயசுல இருக்கு, எந்த மாசத்துல இல்லாம போகுதுங்கிறதுதான் பிரச்சினை. அதை உள்ளூர்லதான் கண்டுபிடிக்க முடியும். சென்னையில உட்கார்ந்து எங்க ஊர்ல கார்த்திகை மாசம் என்ன கீரை கிடைக்கும், சித்திரையில் எது கிடைக்காதுன்னு யாராலும் சொல்ல முடியாது. எங்க ஊர் ஆயாவால் முடியும். அவங்களை யாரும் கேட்டதில்லை.

இப்போ நான் சொல்ற அந்தத் தனித்தனிக் குழாய் எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க. நான் கத்தரி வைக்கிறவன். முக்கால் ஏக்கர் கிணத்துப் பாசனம், மீதி மானாவாரிக் கொல்லையில் மல்லாட்டை (நிலக்கடலைக்கு எங்க பக்கம் அதுதான் பேரு), ஊடுபயிரா துவரை. சாயங்காலம் பறிச்ச கத்தரிக்காயைச் சாக்கில் கட்டி, டவுன் மண்டிக்கு ராத்திரி வண்டியில் ஏத்தி விடுவேன். நூத்துக்குப் பத்து கமிஷன், ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, சாக்கு காசு போகக் கிலோவுக்கு எட்டு ரூபாய் கைக்கு வந்த நாள் உண்டு. மறுநாள் காலையில் எங்க பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளர் அதே டவுனுக்குப் பஸ் ஏறிப் போய், கடையில் கிலோ முப்பது ரூபாய்க்குக் கத்தரிக்காய் வாங்கி, மடியில் பையை வைத்துக்கொண்டு திரும்பி வருவாங்க. பள்ளிக்கூடத்து மதில் சுவருக்கும் என் கிணத்து மேட்டுக்கும் நடுவில் ஒரு வரப்புதான். என் கத்தரிக்காய் அந்த வரப்பைத் தாண்டப் பதினெட்டு கிலோமீட்டர் போய், பதினெட்டு கிலோமீட்டர் திரும்பி வந்து, போற வழியில் நாலு பேருக்குக் காசு கொடுத்துட்டு, பாதி வாடிப்போய்ச் சாம்பாரில் விழுகிறது.

"ஏங்க டீச்சர், என்கிட்டயே வாங்கலாமே" என்று கேட்டிருக்கேன்.

அவங்க சொன்ன பதிலில் பொய்யே கிடையாது. "அண்ணே, உங்ககிட்ட பில்லு இருக்கா? ஆடிட்டுக்கு வந்தா நான் எதைக் காட்டுவேன்? காய்கறிக் காசு ரெண்டு மாசம் கழிச்சு வரும். கடைக்காரன் கடன் கொடுக்கிறான், நீங்க ரெண்டு மாசம் பொறுப்பீங்களா? நாளைக்கு உங்க செடியில காய் இல்லேன்னா நான் புள்ளைங்களுக்கு என்னத்தப் போடுறது?"

நாலும் நியாயமான கேள்வி. இந்த நாலு கேள்விக்கு எந்த வரைபடத்திலும் பதில் இல்லைங்க. பில்லு, கடன், தவணை, நாள் தவறாம வர்றது. உள்ளூர் அமைப்புகளின் கூட்டாண்மைன்னு நீங்க சொல்றது நடைமுறையில இந்த நாலுதான். அம்புக்குறி போட்டா கூட்டாண்மை ஆயிடாது. அந்த அம்பு மேல யாரு எவ்வளவு காசை, எத்தனாம் தேதி, எந்தப் பில்லோட கொண்டு போறாங்கன்னு எழுதியிருக்கணும்.

இத்தனைக்கும் சத்துணவில் அரிசி, பருப்பு, எண்ணெய் அரசுக் கிடங்கிலிருந்து வருது. முட்டை டெண்டரில் வருது. காய்கறி, மளிகை, எரிபொருளுக்கு மட்டும்தான் அமைப்பாளர் கையில் காசு கொடுத்து உள்ளூரில் வாங்கச் சொல்றாங்க. அந்தப் பெரிய கோட்டையில் எங்களுக்குத் திறந்திருக்கிற ஒரே சின்னக் கதவு அதுதான். அதையும் பில்லு இல்லைன்னு மூடி வெச்சிருக்கோம்.

எங்க ஊரில் மகளிர் குழுக்களுக்கு ஊராட்சி அளவில் ஒரு கூட்டமைப்பு இருக்கு. வங்கிக் கணக்கு இருக்கு, சுழல்நிதி இருக்கு, ரசீது புத்தகம் இருக்கு, கணக்கு எழுதப் படிச்ச பெண் இருக்கு. அந்தக் கூட்டமைப்பு நடுவில் நின்னா, பறிச்ச அன்னைக்கே எனக்குக் காசு கொடுக்கலாம், பள்ளிக்கூடத்துக்குப் பில்லு கொடுக்கலாம், அரசுக் காசு வர்ற வரைக்கும் பொறுக்கலாம். என் செடி காய்க்காத வாரம் பக்கத்துக் கொல்லை வெண்டை போகும். கிலோ பதினைஞ்சு எனக்குக் கிடைச்சா எனக்கு இரட்டிப்பு, டீச்சருக்கு முப்பதுக்கு இருபது ஆனா அதே காசுல பிள்ளைங்க தட்டுல காய் கூடும், நடுவுல குழுவுக்கும் அஞ்சு ரூபாய் நிக்கும். இதுக்குப் புதுத் திட்டம் வேண்டாம், புது அலுவலகம் வேண்டாம். இருக்கிற மூணு பேரை ஒரே பாயில் உட்கார வைக்கணும், வாங்குற உரிமையை எழுத்தில் கொடுக்கணும்.

இதைச் சொன்னா உடனே ஒரு அறிவாளி வருவார். "முட்டையும் உள்ளூர்லயே வாங்கணும்பீங்களா?" இல்லைங்க. எங்க ஊர் நாட்டுக்கோழிகள் பள்ளிக்கூடத்துக்கு வாரம் 5 நாள் முட்டை போடுற அளவுக்கு ஒழுக்கமானவை கிடையாது. அது நாமக்கல்லிலிருந்தே வரட்டும், நல்லா வரட்டும். அரிசியும் கிடங்கிலிருந்தே வரட்டும். எல்லாத்தையும் உள்ளூர் ஆக்குங்கன்னு நான் கேட்கல. எது உள்ளூரில் முடியும், எது முடியாதுன்னு பிரிச்சுப் பார்க்கவாவது ஒரு தரம் உட்காருங்கன்னுதான் கேட்கிறேன். முருங்கைக்கீரை முடியும். பப்பாளி முடியும். கேழ்வரகு முடியும். மல்லாட்டை நிச்சயமா முடியும். மல்லாட்டை விளையுற ஊர் ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில் ஊத்துறாங்க. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் விளைஞ்சு, கப்பலேறி, பாக்கெட்டில் அடைபட்டு வந்த எண்ணெய். எங்க மல்லாட்டை மூட்டை அந்த ரேஷன் கடை வாசல் வழியாத்தான் கமிட்டிக்குப் போகுது. இதையும் அந்த வரைபடத்தில் ஒரு அம்பாப் போட்டிருந்தா நல்லாயிருந்திருக்கும்.

முருங்கைன்னு சொன்னதும் ஒண்ணு சொல்லிடறேன். கீரை தின்னா ரத்தசோகை ஓடிப்போயிடும்னு வாட்ஸ்அப் வைத்தியம் பார்க்க நான் வரல. நர்சம்மா கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரை வேணும், குடற்புழு மாத்திரையும் வேணும். ஆனா எங்க ஊரில் அந்த மாத்திரை அட்டைகள் பரண் மேல் கிடக்கு, முருங்கைக்கீரை வேலியில் பழுத்து உதிருது. ரெண்டும் வயித்துக்குள்ள போகல. ஏன் போகலன்னு நர்சம்மாவும் டீச்சரும் குழுப் பெண்களும் ஒரு மணி நேரம் சேர்ந்து பேசினாத் தெரிஞ்சிடும். மாத்திரை சாப்பிட்டா வயித்தைப் பிரட்டுதுன்னு பொண்ணுங்க தங்களுக்குள்ள பேசிக்கிறாங்க, நர்சம்மாகிட்ட "சாப்பிடுறேங்க"ன்னு சொல்றாங்க. குழுக் கூட்டத்தில் உண்மை இருக்கு, ரிஜிஸ்டரில் பொய் இருக்கு.

அந்தப் படத்தில் இல்லாத வட்டம் இன்னும் இருக்கு. முதலாவது எங்க ஊர் பெட்டிக்கடை. சின்னப் பிள்ளைங்க ஊட்டச்சத்தை முடிவு பண்ற பெரிய நிறுவனம் எங்க ஊரில் அதுதான், பகல் பூரா திறந்திருக்கு. அஞ்சு ரூபாய்ப் பாக்கெட் சரம் சரமாத் தொங்குது. நூறு நாள் வேலைக்குப் போற அம்மா பிள்ளை கையில் அஞ்சு ரூபாய் கொடுத்துட்டுப் போறா. அவளைத் திட்ட எனக்கு வாய் வரல. கடைக்கார அக்கா ரெண்டு ரூபாய்க்கு மல்லாட்டை உருண்டை வித்தா அதையும் பிள்ளைங்க வாங்கும். அவங்களைக் கூப்பிட்டு யாராவது பேசியிருக்காங்களா? ரெண்டாவது டாஸ்மாக். நூறு நாள் வேலைக் கூலி எங்கே போய்ச் சேருதுன்னு தெரிஞ்சுக்காம ஊட்டச்சத்துத் திட்டம் போடுறது, ஓட்டைப் பானையில் தண்ணி அளக்கிற வேலை.

மூணாவது, தெரு. படத்தில் "பால்வாடி" என்று ஒரே வட்டம். எந்தத் தெருவில் இருக்கு, எந்தத் தெருப் பிள்ளைங்க அங்க போகுது, எந்தத் தெரு போகல, அது படத்தில் கிடையாது. 2023-ல் காலை உணவு எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் விரிவானபோது, சமைக்கிறவங்க பட்டியல் சாதிப் பெண் என்பதற்காகப் பிள்ளைகளைச் சாப்பிட விடாத பெற்றோர்கள் பற்றிக் கரூர், தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து செய்தி வந்தது. மறந்திருக்க மாட்டீங்க. சாதியை வரையாத ஊர் வரைபடம் எந்த ஊருக்கும் வரைபடம் ஆகாது. நகரத்துப் பிள்ளைங்க அதை நாகரிகம்னு நினைச்சு விட்டுடறாங்க. எங்களுக்கோ அது வசதியா இருக்கு, நாங்களும் ஞாபகப்படுத்துறதில்லை.

நாலாவதா நான் சொல்லப்போறதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

ஏரிக்கரை ஓரம் பதினஞ்சு இருபது குடும்பம் இருக்கு. பொங்கல் முடிஞ்சதும் மேஸ்திரி முன்பணம் கொடுத்துச் செங்கல் சூளைக்குக் கூட்டிட்டுப் போயிடுவார். ஆடி மாசம் திரும்புவாங்க. அதில் ஒரு வீட்டுக் குழந்தை, போகும்போது ஒன்றரை வயசு. பால்வாடி நோட்டில் அந்தக் குழந்தை பேருக்கு நேரா ஆறு மாசம் "வெளியூர்" என்று ஒரே சொல். திரும்பி வந்தபோது எடை போட்டாங்க. ஆறு மாசத்தில் கால் கிலோ கூட ஏறல. கன்னம் ஒட்டி, முடி செம்பட்டையாகி, தூக்கினா அழக்கூடத் தெம்பில்லை. நர்சம்மா அன்னைக்கே மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தாங்க. இப்போ தேறி வருது.

டீச்சரைக் கேட்டா, "பேரு எங்கிட்ட இருக்குண்ணே, புள்ள அங்க இருக்கு, நான் என்ன பண்ண?" என்கிறாங்க. சூளைக்குப் பக்கத்து ஊரிலும் ஒரு பால்வாடி இருந்திருக்கு. அந்த டீச்சருக்கு இப்படி ஒரு குழந்தை வந்திருக்குன்னு தெரியாது. ஆனா எங்க ஊரில் மூணு பேருக்குத் தெரியும். ரேஷன் கடையில் ஆறு மாசமா அந்தக் குடும்பத்தோட கைரேகை விழல, சேல்ஸ்மேனுக்குத் தெரியும். குழுவில் அந்தப் பெண் சந்தா கட்டல, குழுத் தலைவிக்குத் தெரியும். எந்தச் சூளை, எந்த ஊர், போன் நம்பர் என்ன என்று மேஸ்திரிக்குத் தெரியும். ஒரே ஒரு போன். இந்த டீச்சர் அந்த டீச்சருக்கு. அந்தப் போன் பேசப்படலை. ஏன்னா மேஸ்திரி எந்த வரைபடத்திலும் கிடையாது, ரேஷன் கடை நோட்டும் பால்வாடி நோட்டும் ஒண்ணை ஒண்ணு பார்த்தது கிடையாது.

எடை எல்லாம் 2021-லிருந்து போஷன் டிராக்கர் செயலியில் ஏறுது. டீச்சர் செல்போனில் டவர் கிடைக்கிற இடம் தேடிக் கோயில் திண்ணையில் உட்கார்ந்து ஏத்துறாங்க. அது டெல்லி வரைக்கும் போகுது. எதிர்த்த வீட்டு ரேஷன் கடைக்குப் போகல. எங்க ஊரில் தகவல் மேலே போகுது, அரிசி கீழே வருது. பக்கவாட்டில் எதுவும் நகராது. ஊட்டச்சத்தே பக்கவாட்டில்தான் இருக்கு.

இப்படி ஒரு ஊர் சேர்ந்து உட்கார்ற வழக்கம் நமக்கு இல்லாம இல்லை. காமராஜர் மதிய உணவு ஆரம்பிச்சப்போ அரசு கஜானாவை மட்டும் நம்பி ஆரம்பிக்கல. அப்போ கல்வித்துறை இயக்குநரா இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராப் போய்ப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினார். ஊர்க்காரங்க நெல்லாவும் காசாவும் பாத்திரமாவும் கொடுத்துத்தான் பல ஊரில் உலை கொதிச்சது. அப்புறம் அரசு முழுசா ஏத்துக்கிட்டது. ஏத்துக்கிட்டது ரொம்பச் சரி. தர்மம் பண்றவங்க தயவில் பிள்ளைங்க சாப்பிடக் கூடாது, அது அவங்க உரிமை. ஆனா உரிமையா ஆக்கும்போது ஊரை வாசலுக்கு வெளியே நிறுத்திட்டாங்க. நன்கொடை கொடுக்கிறவனா உள்ளே இருந்த விவசாயி, பயனாளியோட அப்பனா வெளியே நிக்கிறான். விக்கிறவனா மறுபடி உள்ளே வர ஒரு வழி வேணும்.

வேற இடத்தில் அந்த வழியைப் போட்டிருக்காங்க. பிரேசில்ல 2009-ல் ஒரு சட்டம். பள்ளி உணவுக்கு மத்திய அரசு அனுப்புற பணத்தில் குறைஞ்சது 30 சதவீதத்துக்குச் சிறு குடும்ப விவசாயிங்ககிட்ட வாங்கியாகணும்னு அப்போ அது சொன்னது. வழக்கமான டெண்டர் போட்டியே தேவையில்லை, அறிவிப்பு கொடுத்து உள்ளூர் விலையில் வாங்கலாம். உணவுப் பட்டியல் போடுற நிபுணர், அந்தப் பகுதியில் என்ன விளையுதுன்னு பார்த்துத்தான் போடணும். அவ்வளவு தூரம் வேண்டாம்னா ஒடிசா பாருங்க. 2017-ல் சிறுதானிய இயக்கம் ஆரம்பிச்சு, விவசாயிகள்கிட்ட ஆதார விலைக்குக் கேழ்வரகு வாங்கி, கியோஞ்சர் மாவட்டத்து அங்கன்வாடியில் பிள்ளைங்களுக்குக் கேழ்வரகு லட்டு கொடுத்தாங்க. நம்ம பக்கமே 2023-ல் தர்மபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பிச்சாங்க. முடியாதுன்னு சொல்ல முடியாத இடத்துக்கு நாம வந்தாச்சு.

"சரி, உள்ளூரில் விட்டா ஊழல் நடக்கும், தரம் இருக்காது" என்று ஒரு பேச்சு இருக்கு. டெண்டரில் ஊழலே இல்லாத மாதிரி. உள்ளூரில் நடந்தா எங்களுக்கு முகம் தெரியும், பெயர் தெரியும், கிராம சபையில் எழுந்து கேட்கலாம். சொத்தைக் கத்தரிக்காய் அனுப்பினா அதைத் தின்கிறது என் அண்ணன் பேத்தி. இதைவிடப் பெரிய தரக் கட்டுப்பாடு எந்த அலுவலகத்தில் இருக்கு?

கூட்டமும் குழுவும் காகிதத்தில் ஏற்கனவே இருக்கு. கிராம சுகாதார, தூய்மை, ஊட்டச்சத்துக் குழுன்னு ஒண்ணு ஒவ்வொரு ஊருக்கும் இருக்கு. அதுக்கு வருஷம் 10,000 ரூபாய் கட்டற்ற நிதியும் உண்டு. எங்க ஊரில் அந்தக் காசு பிளீச்சிங் பவுடராவும் கொசு மருந்தாவும் தீர்ந்துடுது. அந்தப் பேரில் 'ஊட்டச்சத்து' என்ற சொல் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. அரசியல் சட்டத்தோட 11-ஆவது அட்டவணையை எடுத்துப் பாருங்க. ஊராட்சிகளுக்குக் கொடுக்கலாம்னு சொன்ன 29 பொருளில் வேளாண்மை இருக்கு, கால்நடை இருக்கு, சுகாதாரம் இருக்கு, பெண்கள் குழந்தைகள் மேம்பாடு இருக்கு, பொது விநியோகமும் இருக்கு. ஒரு பிள்ளையோட தட்டுக்கு வேண்டிய அத்தனையும் ஒரே பட்டியலில் இருக்கு. நடைமுறையில் ஊராட்சி கையில் தெருவிளக்கும் குடிதண்ணியும்தான்.

கம்பெனிக்காரங்களுக்கு இப்போ சொல்றேன். 2013 கம்பெனிகள் சட்டப்படி நீங்க சமூகப் பொறுப்புக்காகச் செலவு பண்ணலாம்னு சொல்ற பட்டியலில் முதல் வரியிலேயே பசியும் ஊட்டச்சத்துக் குறைவும் இருக்கு. நல்ல விஷயம். ஆனா வந்தீங்கன்னா தண்ணி சுத்திகரிப்பு இயந்திரம் மாட்டி, அதுக்குப் பக்கத்தில் கம்பெனி பேர் எழுதி, பிள்ளைங்க கையில் பிஸ்கட் பாக்கெட் கொடுத்துப் போட்டோ எடுத்துட்டுப் போயிடறீங்க. எங்களுக்கு அது வேண்டாம். எங்க குழுக் கூட்டமைப்புக்கு ரெண்டு மாசக் காய்கறிக் காசைச் சுழல்நிதியாக் கொடுங்க. ஒரு நல்ல எடைத் தராசு. கீரை வாடாம வைக்க ஒரு சின்ன அறை. கேழ்வரகு உருண்டையும் மல்லாட்டை உருண்டையும் பிடிக்கிற பெண்களுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு. சின்ன அளவில் பண்றவங்களுக்கு அது வருஷம் நூறு ரூபாய்தான், யாராவது கூட உட்கார்ந்து விண்ணப்பம் போட்டுக் கொடுத்தாப் போதும். இதில் பேர் எழுதிப் போட இடம் இல்லைன்னு எனக்குத் தெரியும்.

வரைபடம் போடுற பிள்ளைகளே, நீங்களும் வாங்க. ஆனா லேப்டாப்பை மூடி வைங்க. கோயில் முன்னாடி தரையில் கோலமாவில் போடுவோம். இந்த ஊரில் சில பெண்களுக்கு அது பழக்கம்தான், வறுமை ஒழிப்புத் திட்டக்காரங்க வந்து அப்படித்தான் ஏழை வீடுகளை அடையாளம் காட்டச் சொன்னாங்க. முதல்ல தெருவைப் போடுவோம், எல்லாத் தெருவையும். அப்புறம் கிணறு, கொல்லை, எந்தக் கொல்லையில் எந்த மாசம் என்ன. அப்புறம் அடுப்புகள். அப்புறம் காசு எங்கிருந்து எப்போ வருதுன்னு கல்லு வைப்போம். நோட்டுகள் யார்கிட்ட இருக்குன்னு இலை வைப்போம். மேஸ்திரியையும் பெட்டிக்கடை அக்காவையும் கூப்பிடுவோம். எங்கெங்கே ரெண்டு பேருக்கு நடுவில் கோடு இருக்க வேண்டியது இல்லையோ, அதுக்கு மட்டும் சிவப்புக் கலர்ப் பொடி. அரை நாள் ஆகும். போட்ட படத்தை ரேஷன் கடைச் சுவரில் பெயிண்டில் எழுதிடுங்க. உங்க அலுவலகத்துக்குப் போட்டோ கொண்டு போங்க, படம் இங்கேயே இருக்கட்டும்.

நவம்பர் 1 உள்ளாட்சி தினக் கிராம சபைக்கு நான் ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கேன். பள்ளிக்கூடத்துக்கும் பால்வாடிக்கும் வேண்டிய காய்கறி, கீரையை மகளிர் கூட்டமைப்பு வழியா இந்த ஊர் விவசாயிகள்கிட்ட வாங்க அனுமதியும், அதுக்கான காசை மூணு மாசத்துக்கு முன்கூட்டியே கொடுக்க ஏற்பாடும் வேணும். ஊரை விட்டு வேலைக்குப் போற குடும்பத்துப் பிள்ளைகளோட பேரை மாசம் ஒரு தரம் பால்வாடி, ரேஷன் கடை, குழு மூணும் ஒத்துப் பார்க்கணும். ஊட்டச்சத்துக் குழுவோட 10,000 ரூபாயில் பாதியாவது பேருக்கேத்த செலவு ஆகணும். இவ்வளவுதான். கிளார்க்கிட்ட படிச்சுக் காட்டினேன். "அண்ணே, இதை எந்தத் துறைக்கு அனுப்புறது? வேளாண்மையா, சமூக நலமா, கூட்டுறவா, சுகாதாரமா?" என்று கேட்டார்.

நாலு நகல் எடுத்து வெச்சிருக்கேன்.